ஏரியைக் காத்தவர் யார்? வேளாண் மரபும் சேரியின் பங்கும்

மதுராந்தகத்தில் ஏரிகாத்த இராமர் கோவில் என்றொரு கோவில் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினி ஆட்சியின் ஜாகீர் கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். அடைமழையில் ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று அவர் அஞ்சி நின்ற இரவில், வில்லேந்திய இருவர் கரையில் காவல் நின்றதைக் கண்டார். மறுநாள் கரை உடையாமல் இருந்தது. நன்றிக் கடனாகத் தாயார் சந்நிதியைக் கட்டுவித்தார். இக்கோவிலைப் பற்றித் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் கதை இது. பிளேஸின் பெயர் அச்சந்நிதியில் கல்லிலும் பொறிக்கப்பட்டுள்ளது.

கடவுளுக்குக் காரணப்பெயர் கிடைத்தது. கலெக்டருக்குக் கல்வெட்டு கிடைத்தது. ஆனால், ஏரிக்கரை உடையும் தறுவாயில் மண்ணும் தழையும் வைக்கோலும் சுமந்து ஓடி, இடுப்பளவு நீரில் நின்று அடைப்பவர்கள் எந்த ஊரிலும் வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. செங்கல்பட்டுச் சீமையின் ஏரி ஊர்களில் அவர்கள் சேரியிலிருந்து வந்தார்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை, கதையும் இல்லை.

கிராமத்தின் வேளாண் மரபைக் காக்க வேண்டும் என்ற குரல் இன்று எங்கும் ஒலிக்கிறது. மரபு நெல், மரபுப் பாசனம், மரபுத் திருவிழா என அதன் கிளைகள் பல. அக்குரலைப் புறந்தள்ள வேண்டியதில்லை. ஆனால், அதனிடம் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். மரபு என்று எதைச் சொல்கிறோம்? ஏரியையும் விதையையும் பற்றிய அறிவையா? அந்த அறிவை உடையவரை அடிமையாக வைத்திருந்த ஏற்பாட்டையா? இவ்விரண்டும் நம் ஊர்களில் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் மரபைக் காக்கப் புறப்படுகிறவர், தாம் விரும்பாவிட்டாலும், சாதியையும் சேர்த்தே காப்பவர் ஆகிறார்.

ஏரி என்னும் அறிவு

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். வற்றாத ஆறு இல்லாத இம்மண்ணில், வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பதைத் தேக்கிவைத்தால்தான் ஆண்டு முழுதும் உணவு. தமிழ்நாடு முழுவதும் இருப்பதாகக் கணக்கிடப்படும் சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் கணிசமானவை இந்த வடமாவட்டங்களில்தான் உள்ளன. ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அதன் உபரி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. இப்படிச் சங்கிலியாகக் கோக்கப்பட்ட அமைப்பு இது. வரத்துக்கால், கரை, மதகு, கலங்கல், ஆயக்கட்டு, தலைமடை, கடைமடை என இதன் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயர் உண்டு.

கட்டுவதோடு ஏரியின் வேலை முடிந்துவிடுவதில்லை. நாள்தோறும் அதை நடத்த வேண்டும். இவ்வாண்டு வந்த நீர் சம்பாவுக்கு மட்டும் போதுமா, நவரைக்கும் மிஞ்சுமா? எந்த மதகை எந்நாளில் எவ்வளவு திறப்பது? தலைமடைக்காரர் வயலுக்கு எத்தனை நாழிகை, கடைமடைக்கு எத்தனை? மண்ணின் குடிப்பு எங்கே அதிகம், எங்கே குறைவு? நண்டு வளையும் எலி வளையும் கரையில் எங்கே விழுந்திருக்கின்றன? நீருக்கடியில் அடைபட்ட மதகுக் கண்ணை மூழ்கித் திறப்பது எப்படி? இவற்றுக்கெல்லாம் விடை அறிந்தவரே நீர்கட்டி. தென்மாவட்டக் கண்மாய் ஊர்களில் இவரை நீர்ப்பாய்ச்சி என்றும் மடையர் என்றும் அழைத்தனர்.

வடமாவட்டங்களில் இப்பணியைப் பெரும்பாலும் பறையர் குடும்பங்களும், தெற்கே பல ஊர்களில் இன்று தேவேந்திரகுல வேளாளர் எனப்படும் சமூகத்தின் குடும்பன்களும் பரம்பரையாகச் செய்துவந்தனர். நிலமற்றவரிடம் நீர்ப் பங்கீட்டை ஒப்படைத்ததற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: சொந்த வயல் இல்லாதவரே நடுநிலையாக நீர் விடுவார் என்பது. கேட்க அழகான விளக்கம்தான். ஆனால், அதன் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். நீரைப் பங்கிடும் நேர்மையை ஒருவரிடம் எதிர்பார்த்த ஊர், அந்த நீரில் அவருக்கு ஒரு பங்கையும் தரவில்லை.

வசைச்சொல்லாக வழங்கும் ‘மடையன்’, மடமை என்னும் வேறு வேரிலிருந்து வந்ததென்று சொல்லாய்வோர் கூறுவர். இருக்கலாம். எனினும் மடையைத் திறந்து ஊருக்குச் சோறிட்டவரைக் குறிக்கும் சொல்லும், அறிவற்றவன் எனும் வசையும் ஒரே ஒலியாய் நிலைத்துப்போனதில் யாருக்கும் உறுத்தல் ஏற்படவில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

குடவோலைக்கு வெளியே நின்றவர்கள்

மதுராந்தகத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஊர் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகளைத் தமிழரின் மக்களாட்சிப் பெருமைக்குச் சான்றாகக் காட்டாதவர் இல்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைக் குறிப்பிட்டார். குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பது பேரில் 12 பேர் ஆண்டு வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் பொறுப்பேற்றனர். ஏரியைப் பேண ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனிக்குழு இருந்தது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் பதவிக்கு வரக்கூடாது என்ற விதியும் இருந்தது. இவை உண்மையிலேயே வியப்புக்குரியவை.

ஆனால், அதே கல்வெட்டு தகுதிகளையும் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் இறைநிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேலும் 70-க்குக் கீழும் இருக்க வேண்டும். மந்திர பிராமணம் அறிந்திருக்க வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அதன் சபை பிராமண நில உடைமையாளரின் சபை. ஏரி வாரியத்தின் ஆறு பேர் முடிவெடுத்தனர். அம்முடிவின்படித் தூர் எடுத்தவரும் கரை கட்டியவரும் மதகில் இறங்கியவரும் அக்குடத்துக்குள் தம் பெயர் எழுதிய ஓலையை ஒருநாளும் கண்டதில்லை.

அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பதைச் சோழர் ஆவணங்களே காட்டுகின்றன. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோவிலுக்கு விட்ட ஊர்களின் பட்டியலில், வரி நீக்கப்பட்ட இடங்களாக ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் குறிக்கப்பட்டுள்ளன. ஊர் வேறு, சேரி வேறு என்ற கோடு கல்லிலேயே வரையப்பட்டிருக்கிறது. ஆகவே ஏரி வாரியத்தைப் பெருமையாகச் சொல்லும் அதே மூச்சில் தீண்டாச்சேரியையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒரே வேளாண் ஒழுங்கின் இரு பக்கங்கள்.

‘சுதந்திரம்’ என்ற கூலி

நீர்கட்டிக்கு ஊதியம் பணமாகக் கிடைத்ததில்லை. அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் குவியும்போது, குவியலிலிருந்து அவருக்கென்று சில மரக்கால் அளந்து போடுவார்கள். சில ஊர்களில் சிறு மானிய நிலமும் உண்டு. ஊர்ப் பணியாளர்கள் அனைவருக்கும் களத்தில் அளக்கப்பட்ட இந்தத் தானியப் பங்குக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். மிராசு முறை பற்றிய ஆவணங்களில் இச்சொற்கள் நிறையக் காணக் கிடைக்கின்றன. வாங்கியவருக்கு இல்லாத ஒன்றின் பெயரே, அவருக்கு அளக்கப்பட்ட நெல்லின் பெயராக இருந்தது.

ஏனெனில் இது வேலைக்கான கூலி மட்டுமன்று. பிறப்போடு ஒட்டிய கடமைக்கான படி. மதகு திறப்பவரே இழவுச் செய்தி சொல்ல வேண்டும். செத்த மாட்டை அகற்ற வேண்டும். திருவிழாவில் பறையடிக்க வேண்டும். சுடுகாட்டு வேலை பார்க்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை மறுக்க முடியாது. மறுத்தால் களத்தில் படி நிற்கும். தகப்பனுக்குப் பின் மகன். அதில் விருப்பத்துக்கு இடமில்லை. அவர் திறந்துவிட்ட நீர் ஊர்க் கிணற்றில் ஊறியபோது, அக்கிணற்றில் இறைக்கும் உரிமை அவர் மனைவிக்கு இல்லை.

இந்த ஏற்பாட்டைப் பிரிட்டிஷ் அரசு சட்டமாகவும் ஆக்கியது. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், ஏரி, வாய்க்கால்களுக்கு வழக்கமாகச் செய்துவந்த உழைப்பைத் தராதவரிடம் அதன் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்க வழிசெய்தது. குடிமராமத்து என இன்று பெருமையோடு பேசப்படும் வழக்கத்தின் சட்ட வடிவம் இதுவே. நிலத்துக்கேற்ப உழைப்புத் தர வேண்டியவர் நிலவுடைமையாளர்தாம். ஆனால், படியாட்களை வைத்திருந்த உடைமையாளர் தாமே மண்வெட்டி பிடித்திருப்பார் என நம்புவது கடினம். அனுப்பப்பட்டவர் படியாள். அதன்பின் 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பணிகள் சட்டம், நீர்கட்டி, வெட்டி, தோட்டி ஆகியோரையும் பரம்பரைப் பணியாளர் வரிசையில் வைத்தது.

மகாராட்டிரத்தில் மகர்களின் வதன் என்பதும் இதே ஏற்பாடுதான்: சிறு நிலமும் தானியப் படியும் தந்துவிட்டு, ஊரின் எல்லா வேலைகளையும் பரம்பரைக் கடமையாக வாங்கிக்கொள்வது. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1874-ஆம் ஆண்டின் வதன் சட்டத்தைத் திருத்த அண்ணல் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தது இதனால்தான். அந்தச் சிறு நிலம் தம் மக்களை அவ்வூரோடு கட்டிப்போடும் தளை என்று அவர் கண்டார். இத்தகைய வதன்கள் 1958-இல் ஒழிக்கப்பட்டன. அதற்குப் பின், 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பரம்பரை அடிப்படையில் கிராமப் பதவிக்கு ஆள் அமர்த்துவது, வம்சாவளி அடிப்படையில் பாகுபாடு கூடாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுக்கு எதிரானது என்று, ஆந்திரத்திலிருந்து சென்ற கஜுலா தசரத ராம ராவ் வழக்கில் 1960 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரபு என்ற பெயரில் பிறப்புரிமைப் பதவியையும் பிறப்புக் கடமையையும் மீட்டெடுக்க விரும்புவோர் நினைவில் கொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

தரிசுகூடக் கிடைக்காத மண்

அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது. நிலம் மட்டும் ஏன் வரவில்லை? செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் இதற்கான விடை இருக்கிறது. தரிசு நிலத்தை விண்ணப்பித்துப் பெறும் தர்காஸ்து முறையில் மிராசுதாரருக்கே முன்னுரிமை இருந்தது. சேரியைச் சேர்ந்தவர் ஒருவர் தரிசுக்கு மனுப் போட்டால், அதுவரை அந்த நிலத்தைத் திரும்பிப் பார்க்காத மிராசுதாரர் குறுக்கே வந்து தமக்கு வேண்டும் என்பார். குடியிருக்கும் மனையும் அவருடையது என்பதால் எதிர்த்துப் பேசினால் குடிசையும் போகும். கடனோ தலைமுறை தாண்டியது. இந்நிலையைக் கண்ட ட்ரெமென்ஹீர், ஒடுக்கப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்கப் பரிந்துரைத்தார். 1892-இல் பிறந்த அரசாணையின் வழியே வந்தவையே பஞ்சமி நிலங்கள் எனும் டி.சி. நிலங்கள். முதல் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதவர்க்கு மாற்றினால் செல்லாது என்பது நிபந்தனை.

அந்நிலங்கள் சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் எனத் தலித் இயக்கங்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றன. அவற்றில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கும் கோரிக்கையோடு செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டத்தில், அதற்கு நூறாண்டு கழித்து, அந்த அறிக்கையால் கிடைத்த நிலத்தைக் கேட்டவர்கள் கொல்லப்பட்டனர். நம் வேளாண் மரபின் வரலாற்றில் இதுவும் ஓர் அத்தியாயம்.

மதுராந்தகம் பகுதியில் உள்ள கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவர். ஏரி மண்ணில் பிறந்த ஒருவர், நீரைத் தொடும் உரிமைக்காகச் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மூன்றாண்டுகள் கழித்து மகாத் குளத்தில் அண்ணல் நீர் அருந்தியது இதன் அகில இந்திய வடிவம்.

சீர்குலைவா, விடுதலையா?

மரபுப் பாசனம் ஏன் அழிந்தது என்ற கேள்விக்குப் பொதுவாகச் சில விடைகள் சொல்லப்படும். பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. ஊரின் பொறுப்பு குறைந்தது. கிணறும் மின் மோட்டாரும் வந்தபின் வசதி உள்ள விவசாயிக்கு ஏரி தேவையற்றதாயிற்று. ஆக்கிரமிப்பும் மனைப் பிரிவுகளும் வரத்துக்கால்களை விழுங்கின. இவையெல்லாம் உண்மை.

இவற்றோடு நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் பெருமூச்சாகவே சொல்லப்படும்: “இப்போதெல்லாம் நீர்கட்டி வேலைக்கு ஆள் வருவதில்லை, அவர்கள் பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போய்விட்டார்கள்.” ஊரின் பார்வையில் இது மரபின் சீர்குலைவு. சேரியின் பார்வையில் இது விடுதலை. மகன் மதகுக்குப் போகாமல் பள்ளிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்த தாய், ஒரு மரபைக் கொன்றவள் அல்லள். ஒரு தளையை அறுத்தவள். பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று கடந்த பல பத்தாண்டுகளில் சேரிகள் எடுத்த முடிவுகளின் தொடர்ச்சியே இதுவும்.

அதே வேளையில் ஓர் இழப்பும் நேர்ந்தது. அதை மறைப்பதற்கில்லை. தளையோடு சேர்ந்து அறிவும் போயிற்று. எந்த மதகின் அடிக்கல் பெயர்ந்திருக்கிறது, எந்த வாய்க்கால் எந்தத் திருப்பத்தில் கரையும் என்பதை மனத்தில் வரைபடமாக வைத்திருந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் மறையும்போது, எழுதப்படாத நூலகம் ஒன்று மறைகிறது. அந்த நூலகம் நம்முடையது. இழப்பு நமக்கும்தான்.

திரும்பி வரும் மரபு, திரும்பாத பங்கு

2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரிகளைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பணிகள் ஆயக்கட்டுதாரர் சங்கங்களின் வழியே நடந்தன. தூர்வாருதல் தேவையான பணியே. ஆனால், ஆயக்கட்டுதாரர் என்றால் ஆயக்கட்டில் நிலம் உடையவர். 10-ஆம் நூற்றாண்டில் கால் வேலி நிலம் உடையவருக்கு மட்டுமே குடத்தில் ஓலை இருந்தது. 21-ஆம் நூற்றாண்டில் ஆயக்கட்டு நிலம் உடையவருக்கு மட்டுமே சங்கத்தில் இடம் உண்டு. ஏரியோடு பிழைப்பால் பிணைந்த நிலமற்ற தொழிலாளரும், புல் அறுக்கும் பெண்களும், மீன் பிடிப்பவரும், ஆடு மேய்ப்பவரும் ஏரியைப் பற்றிய முடிவுகளுக்கு வெளியே நிற்கின்றனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர் சுமார் 42 லட்சம். வேளாண் தொழிலாளர் சுமார் 96 லட்சம். வயலில் நிற்பவரில் மிகப் பெரும்பான்மையோர் நிலமற்ற கூலிகள். நிலம் உள்ள தலித்துகளின் நிலையும் சிறப்பாக இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர், பட்டியல் சாதியினருக்கு அது 0.78 ஹெக்டேர். ‘விவசாயி’ என்ற சொல்லை நிலவுடைமையாளருக்கு மட்டும் உரியதாக்கிவிட்டு வேளாண் மரபைப் பேசுவது, வயலில் நிற்போரில் பெரும்பாலோரை மரபிலிருந்து நீக்கிவிட்டுப் பேசுவதாகும்.

விதைக்கும் இது பொருந்தும். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாக்களை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட மரபு நெல் இரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமனின் பணி என்றும் போற்றத்தக்கது. காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் மீண்டும் வயலுக்கு வந்தது நன்மையே. ஆனால், அந்த இரகங்களை இத்தனை நூற்றாண்டுகள் கலப்பின்றிக் காத்த கைகள் எவை? நாற்றங்காலில் கலப்பு நாற்றைக் கண்டு பிடுங்கியவர், நடவில் வேற்றுக் குத்தை இனங்கண்டவர், அறுப்பில் நல்ல கதிரைத் தனியே ஒதுக்கியவர், சாணம் மெழுகிய கூடையில் விதையைப் பதப்படுத்தியவர் எல்லாரும் பெரும்பாலும் சேரிப் பெண்கள். அவர்கள் விளைவித்த கறுப்புக் கவுனி இன்று நகர அங்காடிகளில் உயர்விலைப் பண்டம்; அவர்களின் அடுப்பில் வேகுவது நியாயவிலைக் கடை அரிசி.

காவிரிப் படுகையில் இப்பெண்களும் அவர்தம் குடும்பங்களும் கூலி கேட்டபோது என்ன நேர்ந்தது என்பதற்குக் கீழ்வெண்மணி சான்று. 1968 டிசம்பர் 25 இரவில் ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டனர். கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சி அது. நெல்லின் மரபைக் கொண்டாடும் எந்த மேடையும் அந்த அரைப்படியை மறந்துவிட்டுப் பேசுமானால், அது பாதி மரபை மட்டுமே பேசுகிறது.

கிராமத்தைப் பற்றிய இரு பார்வைகள்

தலித் சிந்தனை மரபில் இவ்விடத்தில் இரு குரல்கள் கேட்கின்றன. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், கிராமக் குடியரசு என்ற புகழுரைகளை மறுத்தார். கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்புவாதமும் தங்குமிடமாகக் கண்டார். அரசமைப்பு கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதை வரவேற்றார். மறுபக்கம், 1907 முதல் ‘தமிழன்’ இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், ஒடுக்கப்பட்டோரே இம்மண்ணின் அறிவு மரபுக்கு உரியவர்கள் என்று வாதிட்டு, இழிவைச் சுமத்திய வரலாற்றைத் திருப்பி எழுத முயன்றார்.

ஒருவர் கிராமத்தைத் துறக்கச் சொல்கிறார், மற்றவர் மரபுக்கு உரிமை கோரச் சொல்கிறார் என மேலோட்டமாகத் தோன்றலாம். ஆனால், அம்பேத்கர் வேளாண்மையைத் துறக்கச் சொல்லவில்லை. 1947-இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் ஆவணத்தில், நிலத்தை அரசுடைமையாக்கி, நிலக்கிழாரும் குத்தகைதாரரும் நிலமற்ற கூலியும் இல்லாத கூட்டுப் பண்ணை முறையை அவர் முன்வைத்தார். அவர் எதிர்த்தது கிராமத்தின் உறவுமுறையை, உழவை அல்ல. ஆகவே இரு குரல்களும் சேரும் இடம் ஒன்று உண்டு. அறிவுக்கு உரிமை கோருவோம். கடமை என்ற பெயரில் வந்த தளையை மறுப்போம்.

இது நடக்கக்கூடியதே என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நம் பெண்கள் ஏரிகளைத் தூர்வாரினர். அதே ஏரி, அதே மண். ஆனால், இம்முறை அது பிறப்புக் கடமையாக இல்லாமல் சட்டம் உறுதிசெய்த வேலையாக இருந்தது. களத்துப் படிக்குப் பதில் வங்கிக் கணக்கில் கூலி வந்தது. உரிய நேரத்தில் கூலி வராத குறைகள் பல இருந்தன. இருந்தும் கூலிக்காகப் பண்ணையார் வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. வேலையும் சாதியும் பிரிக்கக்கூடியவை என்பதை அது காட்டியது.

செய்யத்தக்கவை

முதலாவது, பதிவு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பன்மய மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அது மக்கள் பன்மயப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். அக்குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினரும் இருக்க வேண்டும் என 2004-ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன. நம் ஊரில் அக்குழு இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார்கள், பதிவேட்டில் யாருடைய அறிவு யாருடைய பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பது மாணவர்கள் உடனே தொடங்கக்கூடிய வேலை.

இரண்டாவது, விதை உரிமை. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், நிலத்தில் தாமே பயிரிடுபவரையும் பிறரைக் கொண்டு பயிரிடுவிப்பவரையும் மட்டுமன்றி, மரபு இரகங்களைத் தனித்தோ கூட்டாகவோ பாதுகாப்பவரையும் ‘உழவர்’ என்றே வரையறுக்கிறது. நிலம் இல்லாத நடவுப் பெண்களின் குழுவும் இவ்வரையறைக்குள் வர வழியுண்டு. மரபு இரகங்களைப் பதிவு செய்யும்போது அவர்கள் கூட்டாக உரிமை கோர வேண்டும்.

மூன்றாவது, நீர்ப்பணி. ஏரிக்கு ஆள் தேவை என்றால், அதைப் பயிற்சியும் மாத ஊதியமும் பாதுகாப்புக் கருவியும் கொண்ட பணியிடமாக ஊராட்சி உருவாக்க வேண்டும், எச்சாதியினரும் போட்டியிடட்டும். மூத்த நீர்கட்டிகளை அப்பணிக்கான பயிற்றுநர்களாக மதிப்பூதியத்தோடு அமர்த்த வேண்டும். பாசனச் சங்கங்களில் நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும். மீன் ஏலம், மரம், வண்டல் ஆகிய ஏரியின் வருவாயிலும் சேரிக்குப் பங்கு வேண்டும்.

நான்காவது, நிலம். ஆயக்கட்டில் உள்ள பஞ்சமி நிலங்களை மீட்பதே உண்மையான மரபு மீட்பு. தன் வயலுக்குத் தானே நீர் பாய்ச்சும் நிலை வராத வரை, நீர்கட்டியின் அறிவு பிறர் வயலுக்கான அறிவாகவே இருக்கும்.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரின் பெரிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கும் மரபு வேறு. சேரியின் முற்றத்தில் அமர்ந்து கேட்கும் மரபு வேறு. இரண்டையும் கேளுங்கள். மதகு எப்படித் திறப்பது என்று மட்டும் கேட்காமல், திறந்த நாளில் என்ன கூலி கிடைத்தது, எந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தார்கள், எப்போது, ஏன் அவ்வேலையை விட்டார்கள் என்றும் கேளுங்கள். அறிவையும் அவமானத்தையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் எழுதுங்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவத்தில் ஏரி நிரம்பும். கரையில் கசிவு தெரியும். யாராவது இறங்கி அடைப்பார்கள். அப்படி இறங்குகிறவர் ஊரின் கட்டளைக்கு அஞ்சி இறங்குபவராக இல்லாமல், அந்த நீரில் பங்குள்ள உழவராக இறங்கும் நாளே நம் வேளாண் மரபு காக்கப்பட்ட நாள்.